தெற்கே நாலடி

உங்களிடம் யார் என்ன சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் அக்கா. உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். ‘வெயிலுமுத்து வீட்டில் தெற்குப் பார்த்துச் சோலார் வைத்தார்கள், ஒரு வருஷம் திரும்பவில்லை, மனுஷன் மாடியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார், நீயும் அந்த வேலை பார்க்காதே.’ அதுதானே? உங்கள் மாமியார்தானே சொன்னது? பரவாயில்லை, இந்தக் கோவில்பட்டி முழுக்க அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் ஒருத்தர்தான் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறீர்கள். அதற்கே உங்களுக்குக் காபி தர வேண்டும். பால் இல்லை. அம்மா போனதிலிருந்து பால்காரரை நிறுத்திவிட்டேன். கடுங்காப்பி குடிப்பீர்களா?

அம்மா இருக்கிறார். போனது மாமா வீட்டுக்கு. அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். நம் ஊரில் சோலார் பேனலைத் தெற்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். சூரியன் வருஷத்தில் பெரும்பாலான நாள் நமக்குத் தெற்கே சாய்ந்துதான் போகிறது. இது என் அபிப்பிராயம் இல்லை. சூரியனுடைய வழக்கம். தெற்கு எமன் திசை, ஆகாது என்கிறார்களே, அவர்கள் புராணத்தில் எமன் யாருடைய பிள்ளை? சூரியனுடைய பிள்ளை. அப்பா பிள்ளை வீட்டுப் பக்கமாகப் போகிறார், அவரைப் பார்த்து ஒரு கண்ணாடியை வைக்கிறோம், இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இதை மாமாவிடம் கேட்டேன்.  

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி வருஷம். பல்கலைக்கழக விடுதியில் இருந்து படிக்கிறேன். படித்தேன். இந்தப் பருவம் போகவில்லை, அடுத்த பருவம் போய்விடுவேன். அங்கே பட்டிமன்றம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எந்த அணியில் போட்டாலும் பேசுவேன். அது அப்பா கொடுத்தது. அப்பா போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்தவர். டிரைவரும் கண்டக்டரும் போடுகிற சண்டையெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும். இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். வீட்டிலும் அப்படியே. எதற்குச் சண்டை வந்தாலும் அப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கவிழ்த்து வைத்து, கரண்டியைக் கையில் எடுத்துக்கொள்வார். ஒரு தட்டு தட்டினால் எச்சரிக்கை, சீக்கிரம் முடி. இரண்டு தட்டு என்றால் நேரம் முடிந்தது, வாயை மூடு. பிறகு தீர்ப்பு. அவர் தீர்ப்புச் சொன்னால் அம்மாகூட மறுத்துப் பேசமாட்டார். முணுமுணுப்பார், அவ்வளவுதான்.

சோலார் விஷயமும் இந்த அறையில்தான் நடந்தது. அந்த ஆடுகிற நாற்காலியில் மாமா. கருத்தப்பாண்டி மாமா, அம்மாவுக்கு அண்ணன், பழைய பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறார். நாள் பார்க்காமல் செருப்புக்கூட வாங்கமாட்டார்.

“தெக்கு வேண்டாம் தென்மொழி. எமன் வாசலுக்கு எதுத்தாப்புல கண்ணாடியக் கொண்டு நடுவியா?”

“என் பேர்லயே தெக்கு இருக்கு மாமா. என்னையும் திருப்பி வச்சிருவீங்களா?”

“பேச்சப் பாரு” என்றார் அம்மா. “மாமாட்டப் பேசுற பேச்சா இது. ஏங்க, நீங்களாவது சொல்லுங்க.”

“நடுவர் குறுக்க பேசக்கூடாது” என்றார் அப்பா. அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

அப்போதுதான் நான் சூரியனையும் எமனையும் அப்பா பிள்ளை என்று எடுத்துவிட்டது. மாமா நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு இறங்கி வந்தார்.

“சரி தாயி. தெக்க பாத்தே வச்சிக்க. ஒண்ணு மட்டும் செய். தென்பக்கம் சுவரை ஒட்டி ஒரு ஆள் போற வழி விட்டுரு. அவன் பாட்டுக்கு வருவான், அவன் பாட்டுக்குப் போயிருவான். வழிய அடச்சா நின்னுருவான். நின்னா, யாரையாவது கேப்பான்.”

நீங்களே சொல்லுங்கள் அக்கா, இதற்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா? “எமனுக்கு எருமை வேற இருக்கே மாமா, அதுக்கும் சேத்து ரெண்டு ஆள் வழியா விடணுமா?” என்றேன். அப்பா கரண்டியால் ஒரு தட்டு தட்டினார். எச்சரிக்கை. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் தட்டினார்.

இது முடிந்து கொஞ்ச நாளில் கம்பெனிக்காரன் வந்தான். ஜெபசிங் என்று பெயர், தூத்துக்குடிப் பையன், என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும். மாடியெல்லாம் அளந்து ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தான். ஆறு பேனல், நடு மாடியில். தெற்கே கைப்பிடிச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் நாலடி சும்மா கிடக்கிறது. வெற்றிடம். நான் படத்தைப் பார்த்தேன். மாமாவைப் பார்த்தேன். மாமா முகத்தில் ஒரு திருப்தி. சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவர் முகம் மாதிரி.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மாமா போய் அவனைப் பார்த்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

“நீங்க இன்ஜினியரா, ஜோசியரா?” என்றேன்.

“மேடம்?”

“இந்த நாலடி யாருக்கு? எமனுக்கா?”

அவன் மாமாவைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், ஒன்றும் புரியவில்லை. “நான் கிறிஸ்டியன் மேடம். எங்களுக்கு எமனே கிடையாது” என்றான். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அப்ப எதுக்கு வழி?”

“நடக்கறதுக்கு மேடம். பேனலைச் சுத்தி ஆள் போக வர வழி விடணும். சுவரை ஒட்டி வச்சா காத்தும் தூக்கும். விதி மேடம் அது.”

“எந்த விதி? எத்தனையாவது பிரிவு?”

“அது... செக் பண்ணிச் சொல்றேன் மேடம்.”

பார்த்தீர்களா? செக் பண்ணிச் சொல்கிறானாம். ஆதாரம் கையில் இல்லாமல் மேடை ஏறினால் பட்டிமன்றத்தில் என்ன நடக்கும்? இறக்கிவிட்டுவிடுவார்கள். நான் படத்தில் அந்த நாலடியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். பேனலைப் படுக்கை வாக்கில் வைத்தால் இரண்டு பேனல், வரிசையாக, சுவர் வரைக்கும் கச்சிதமாக உட்காரும். ஆறு எட்டாகும். கூரையும் வீணாகாது, மாமாவின் எமனும் வெளியே போவான்.

“அந்த ரெண்டை எப்படித் துடைப்பீங்க மேடம்? தூசி சரிஞ்சு கீழ் விளிம்புலதான் வந்து அடையும். அதுக்கு முன்னால நிக்க இடம் வேணும்ல.”

“எங்க வீட்டுல துடைக்கப் போறது எங்கப்பா. அவருக்குக் கை நீளம்.”

அப்பா எழுந்து மாடிக்குப் போனார். நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். அவர் தென்பக்கத்துச் சுவரை ஒட்டி, காலோடு கால் வைத்து, டிப்போவில் பஸ் நிறுத்த இடம் அளக்கிற மாதிரி ஒரு முனையிலிருந்து நடந்தார். எங்கள் வீட்டுச் சுவர் உயரம் கம்மி, முழங்கால் தாண்டிக் கொஞ்சம்தான். பாதியில் நின்று கீழே சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தார். “எட்டுமா தாயி?” என்றார். “மாப்புக் கம்பை நீட்டினா எட்டும்ப்பா” என்றேன். அவர் கையில் கரண்டி இல்லை. தண்ணீர்க் குழாயை மோதிர விரலால் தட்டினார். இரண்டு தட்டு.

“எட்டு” என்றார். “தென்மொழி அணி வெற்றி.”

ஜெபசிங், “சார் சொன்னா சரி சார்” என்று படத்தை மடித்தான்.

நான் கேட்பது இதுதான் அக்கா. அவன் இன்ஜினியர். முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே? நாலு கேள்வி கேட்டதும் மடங்கிப் போகிறவன் எதற்கு இன்ஜினியர்? மற்ற எல்லாம் சரியாகச் செய்தான், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். தளத்தில் ஓட்டை போட்டால் மழைநீர் இறங்கும் என்று கான்கிரீட் கட்டை வைத்துத்தான் கால் நிறுத்தினான். எர்த் தனியாக, இடிதாங்கி தனியாக. வெயில் இருக்கிற வரைக்கும் பேனலிலிருந்து வருகிற வயரில் கரண்ட் இருக்கும், வீட்டில் மெயினை அணைத்தாலும் அதைத் தொடாதீர்கள் என்று அம்மாவுக்கே புரிகிற மாதிரி மூன்று தடவை சொன்னான். இத்தனை தெரிந்தவன் அந்த ஒரு இடத்தில் ஏன் விட்டுக்கொடுத்தான்? நான் செய்தது கேள்வி கேட்டது. கேள்வி கேட்பது குற்றமா?

அவன் மேல் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணை வரும்.

காபி எப்படி இருக்கிறது? சர்க்கரை கூடிவிட்டதோ. அம்மா போடுகிற மாதிரி வராது.

ஆனி மாதம் நம் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். கரிசல் காட்டுப் புழுதி முழுக்க மொட்டை மாடியில்தான் வந்து உட்காரும். நான் விடுதியில் இருந்தேன். பேனலில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று போனிலேயே பார்க்கலாம், ஒரு செயலி இருக்கிறது. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. அந்த நேரம் பார்த்து மாமா போன் செய்கிறார். “என்ன தாயி, எட்டு வச்சும் ஆறு ஓடுற அளவுக்குத்தான் ஓடுதாமே. உங்கம்மா சொன்னா. கூட வச்ச ரெண்டும் எமனுக்கு ஓடுதோ?” என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. எனக்கு எரிந்தது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். சாதாரணமாகத்தான் பேசினேன். தூசியாக இருக்கும்ப்பா, அந்தக் கடைசி இரண்டிலும்தான் அடைந்திருக்கும், துடைத்தால் சரியாகிவிடும், ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார், அன்றைக்கு நன்றாக ஓடினால் போதும், செயலியைத் திறந்து முகத்துக்கு நேரே காட்டிவிடலாம். இவ்வளவுதான் சொன்னேன். சுவரில் ஏறுங்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை.

“நீ படி. நடுவர் பாத்துக்குவாரு” என்றார் அப்பா. அதுதான் கடைசியாகப் பேசியது.

மறுநாள் விடிந்ததும், பேனல் சூடேறுவதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்று, வாளியும் மாப்புமாக ஏறியிருக்கிறார். பெரிய வரிசை ஆறையும் வடக்கே நின்றே துடைத்துவிட்டார். படுக்கையாக வைத்த இரண்டு மட்டும் எட்டவில்லை. கிழக்கு மூலையில் வாளியை வைத்துவிட்டுச் சுவர் மேல் ஏறியிருக்கிறார். சுவர் மேலேயே அடி அடியாக நடந்து முதல் பேனலை முழுக்கத் துடைத்திருக்கிறார். இரண்டாவது ஆரம்பிக்கவில்லை. காற்று. சந்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு லூர்தம்மா பார்த்திருக்கிறார். விழும்போது அப்பா சத்தம் போடவே இல்லையாம். ஏதோ யோசனையாக அடுத்த அடி வைத்த மாதிரி இருந்தது என்கிறார்.

எட்டியிருக்கும் அக்கா. மாப்புக் கம்பு சின்னது. நீளக் கம்பாக வாங்கச் சொல்லியிருந்தேன்.

சாவு வீட்டில் பேசினார்களே பேச்சு. தெற்கு, தெற்கு, தெற்கு. ஒவ்வொருத்தராக வந்து அம்மா காதில் தெற்கு. திசை எப்படி ஆளைத் தள்ளும்? கிழக்குப் பார்த்த வீட்டில் யாரும் சாகவில்லையா? நான் அங்கேயே கேட்டேன். பிணத்தை வைத்துக்கொண்டு பேசுகிறாளே என்று என்னைப் பார்த்தார்கள். ஜெபசிங் வந்திருந்தான். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். நான் போய், “இப்பவாவது செக் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“பண்ணிட்டேன் மேடம்” என்றான்.

 எத்தனையாவது பிரிவு என்று நான் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் மாமா பேச்சை எடுத்தார். சத்தமில்லாமல் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “எல்லாத்தையும் எடுக்கச் சொல்லல தாயி. ஆறும் தெக்க பாத்தே இருக்கட்டும். அந்த ரெண்ட மட்டும் கழட்டிரு. அந்தத் தம்பிட்டப் பேசிட்டேன், காசில்லாம வந்து கழட்டித் தாரேன்னுட்டான்.” நான் முடியாது என்றேன். எமனுக்கு வழி திறந்துவிட என் அப்பா வீட்டில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவிடமாட்டேன் என்றேன்.  அம்மா எழுந்து இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைத்தார்.

“எமனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்றார். “அந்த எடத்துல ஒரு மனுசன் நிக்கறதுக்கு எடம் ஆகட்டும். அன்னைக்கு வாரேன்.”

அடுத்த தெருதான். தினமும் மத்தியானம் சாப்பாடு வந்துவிடுகிறது. தூக்குச் சட்டியில் குழம்பு, ரசம் எல்லாம் இருக்கும். வாசல் வரைக்கும் அவரே கொண்டு வருகிறார். உள்ளே வரமாட்டார். படியில் வைத்துவிட்டு, ஒரு தடவை மாடியைப் பார்ப்பார். போய்விடுவார்.

நான் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாமா சொன்னது சரி என்று ஆகிவிடும். நாளைக்கு உங்கள் மாமியார் என்ன சொல்வார்? ‘அந்தப் படித்த பிள்ளையே கடைசியில் எமனுக்கு வழி விட்டது’ என்பார். அப்பா எனக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். நடுவர் சொன்ன தீர்ப்பை அவர் போன பிறகு மாற்றுவதற்கு நான் யார்?

இன்னொன்று இருக்கிறது. உங்களிடம் சொல்லலாமா தெரியவில்லை. நீங்கள் இதை வேறுமாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது.

காலையில், வெயில் மாடியில் விழ ஆரம்பிக்கிற நேரம், மேலே சத்தம் கேட்கிறது. இயற்பியலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அலுமினியச் சட்டம் ராத்திரியெல்லாம் சுருங்கிக் கிடந்து சூட்டில் விரியும்போது டிக் டிக்கென்று சத்தம் வரும். தகரக் கூரையில் வராதா? அதேதான். ஆனால் சட்டம் எட்டுப் பேனலுக்கும் இருக்கிறது. சத்தம் எட்டிலும் வரவேண்டும். இது மாடிப்படிப் பக்கம் ஆரம்பிக்கிறது. கிழக்கு மூலைக்குப் போகிறது. அங்கே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு தெற்கே, சுவரோரமாக, மெதுவாக மேற்கு நோக்கிப் போகிறது, காலோடு கால் வைக்கிற மாதிரி. அந்தப் பக்கம் நடக்க இடம் கிடையாது அக்கா. அதுதான் என் கேள்வி. இடமே இல்லாத இடத்தில் எப்படி நடப்பது? பாதியில் நின்றுவிடுகிறது. திரும்பி வருகிற சத்தம் கேட்டதே இல்லை. நின்ற இடத்தில் ஒரு தட்டு.

ஒரு தட்டுத்தான். இதுவரைக்கும் ஒன்றுதான்.

மேகம் போட்டு மூடாக்காக இருந்த அன்றைக்கும் கேட்டது. வெயிலே இல்லை. அதற்கும் ஒரு காரணம் இருக்கும், நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு நாள் மேலே போய்ப் பார்த்தேன். படியறை வாசலைத் தாண்டவில்லை. வாளி அந்த மூலையிலேயே இருந்தது. அப்பா துடைத்த முதல் பேனல் பளபளவென்று, வானம் அப்படியே தெரிகிறது. பக்கத்தில் இரண்டாவது, சாம்பல் பூசின மாதிரி புழுதி. நடுவில் கத்தி வைத்து வெட்டினது போல ஒரு கோடு. இது புரட்டாசி. மழை இன்னும் இறங்கவில்லை, காற்றும் ஓயவில்லை. அந்த முதல் பேனலும் இத்தனை நாளில் மூடியிருக்க வேண்டும், இல்லையா? நான் கதவைப் பூட்டிக் கீழே வந்துவிட்டேன். செயலியையும் திறப்பதில்லை.

நீங்கள் மாடியைப் பார்க்கத்தானே வந்தீர்கள். கேட்கத் தயங்குகிறீர்கள். தெரிகிறது.

இந்தாருங்கள் சாவி. இடுப்பிலேயே வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள். மாமாவும் அந்தப் பையனும் நான் இல்லாத நேரம் பார்த்து ஏறிவிடுவார்கள் என்று பயம். ஜெபசிங்குடைய நம்பரும் தருகிறேன், உங்கள் வீட்டுக்கு அவனையே கூப்பிடுங்கள். வேலை சுத்தமாக இருக்கும். அவன் முதலில் ஒரு படம் போட்டுக்கொண்டு வருவான். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். தெற்குப் பார்த்து வையுங்கள், அதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். மாமியார் கேட்டால் அந்த அப்பா பிள்ளைக் கதையைச் சொல்லுங்கள்.

நான் வரவில்லை. நீங்கள் பொதுவான ஆள், நீங்களே போய் வாருங்கள். படியறை வாசலில் நின்று பார்த்தால் எட்டுப் பேனலும் தெரியும். அந்தக் கோடு அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் ஏதாவது கேட்டால் பயப்படாதீர்கள், விளக்கம் சொல்லிவிட்டேனே. நின்று, ஒரு தட்டா இரண்டு தட்டா என்று மட்டும் கவனித்து வந்து எனக்குச் சொல்லுங்கள். ஒன்று என்றால் எனக்கு இன்னும் பேச நேரம் இருக்கிறது.

அக்கா, ஒரு நிமிஷம். கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று தென்பக்கம் போய்விடாதீர்கள்.

அங்கே ஒரு ஆள் போக வழி விடவில்லை.